வயதுக்கு வயது மாறும் வீட்டுக் கணக்கு

வீட்டுக்கடன் விண்ணப்பத்தில் பெயரை அடுத்து வங்கி கேட்பது பிறந்த தேதி. 60 வயதில் ஓய்வு என்றால் இன்னும் எத்தனை மாதச் சம்பளம் இவர் கைக்கு வரும், அதற்குள் கடன் அடைந்துவிடுமா என்பதே அதன் முதல் கணக்கு. வங்கிக்கு நம் வயது ஒரு கழித்தல் கணக்கோடு முடிந்துவிடுகிறது. அந்த வீட்டில் வாழப்போகிற நமக்கு அங்கேதான் தொடங்குகிறது.

இருபத்தெட்டு வயதில் வீடு வாங்குகிறவரிடம் ஆண்டுகள் நிறைய இருக்கின்றன. அடுத்த மூன்றாண்டு எந்த ஊரில் இருப்பார் என்பது அவருக்கே தெரியாது. நாற்பதில் ஊர் நிலைத்துவிடும். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பெற்றோரின் மருத்துவச் செலவும் ஒரே மாதத்தில் வந்து வாசலில் நிற்கும். ஐம்பதைத் தாண்டினால் கையில் ஓரளவு பணம் சேர்ந்திருக்கும். தவணை கட்ட ஆண்டுகள் இருக்காது. அறுபதில் பணமும் நேரமும் இருந்தாலும் மூன்றாம் மாடிக்கு ஏற முழங்கால் ஒத்துழைக்காது. வீடு வாங்கத் தயாராவது என்றால் முன்பணம் சேர்ப்பது என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். என் பார்வையில் அது பாதி வேலை. நம் வயதில் நம்மிடம் எது குறைகிறது என்று தெரிந்து அதற்கு ஏற்பாடு செய்துகொள்வது மீதிப் பாதி.

இந்தக் கேள்வி நம் தாத்தாக்களுக்கு எழுந்திருக்காது. அப்போது வீடு என்பது பூர்வீகம், அல்லது ஓய்வுபெறும்போது வந்த தொகையில் கட்டியது. தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் 1961இல் உருவானது, வீட்டுக்கடனுக்கென்றே எச்.டி.எஃப்.சி. தொடங்கப்பட்டது 1977இல், தேசிய வீட்டுவசதி வங்கி வந்தது 1988இல். அதற்குப் பிறகுதான் மாதச் சம்பளக்காரர் முப்பது வயதிலேயே சொந்த வீட்டில் குடியேறுவது சாதாரணமானது. முன்பு சேர்த்துவிட்டு வாங்கினார்கள். இப்போது வாங்கிவிட்டுச் சேர்க்கிறோம். ஆனால் வீட்டில் பெரியவர்கள் சொல்லும் யோசனை பல நேரம் அந்தப் பழைய முறைக்கானதாகவே இருக்கிறது. "வாடகை கொடுத்து வீணாக்காதே, அந்தப் பணத்தைத் தவணையாகக் கட்டு" என்கிறார்கள். அன்பில் சொல்வதுதான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

40 லட்சம் ரூபாய்க் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். வங்கி தரும் தவணை அட்டவணையின் முதல் வரியை விரல் வைத்துப் படியுங்கள். வட்டி 28,333 ரூபாய். அசலில் கழிவது 6,380 ரூபாய். ஐந்து ஆண்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டினால் மொத்தம் 20.8 லட்சம் ரூபாய் போயிருக்கும். கடன் பாக்கி 35 லட்சத்துக்கும் மேல் நிற்கும். ஐந்தாம் ஆண்டில் வேலை மாறி வேறு ஊருக்குப் போக நேர்ந்து வீட்டை விற்கிற இளைஞர், அதுவரை கட்டியதில் பெரும்பகுதியை வட்டி என்ற பெயரில் வாடகையாகத்தான் கொடுத்திருக்கிறார். விற்காமல் வாடகைக்கு விட்டாலோ, நகரங்களில் 50 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கிடைக்கும் வாடகை பெரும்பாலும் தவணையில் பாதியைக்கூட எட்டாது.

ஆகவே இருபதுகளில் இருப்பவர் தன்னிடம் கேட்க வேண்டியது, எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதற்கு முன்பு, இந்த ஊரில் ஏழெட்டு ஆண்டு இருப்பேனா என்பதைத்தான். இருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால் இந்த வயதைப் போல நல்ல வயது கிடையாது. முடியாதவர் வாடகை வீட்டில் இருந்துகொண்டே தயாராகலாம். எனக்குத் தெரிந்த வழிகளில் சிறந்தது ஒத்திகை. கட்டப்போகும் தவணை 34,700, இப்போது கொடுக்கும் வாடகை 14,000 என்றால், வித்தியாசமான 20,700 ரூபாயைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். ஓராண்டு அப்படி வாழ்ந்து பார்த்தால் தவணையின் பாரம் உடம்புக்குத் தெரிந்துவிடும். கையில் இரண்டரை லட்சம் ரூபாயும் சேர்ந்திருக்கும். ஆறாவது மாதமே அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தால், அந்த அளவு கடன் இப்போதைக்கு வேண்டாம் என்பது வங்கிக்குப் போகாமலே தெரிந்துவிடுகிறது.

முன்பணக் கணக்கிலும் பலர் ஏமாந்து நிற்பதைப் பார்க்கிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் கடனாகக் கிடைக்கும். 50 லட்ச ரூபாய் வீட்டுக்கு 40 லட்சம் கடன், கையிலிருந்து 10 லட்சம் என்று நினைப்போம். தமிழ்நாட்டில் புதிய அடுக்குமாடி வீட்டை முதல் விற்பனையில் வாங்கும்போது, 2023 டிசம்பரிலிருந்து, 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அது 3 லட்சம். கட்டுமானம் முடியாத வீடு என்றால் 5 சதவீத ஜி.எஸ்.டி., இரண்டரை லட்சம். பத்து என்று நினைத்தது இப்போதே பதினைந்தரை. இன்னும் கிரில், அலமாரி, மின்விசிறி, சங்கத்துக்கான முன்வைப்புத் தொகை, வழக்கறிஞர் கட்டணம், கிரகப்பிரவேசம் எதுவும் வரவில்லை. பழைய ஃபிளாட்டோ தனி வீடோ மனையோ என்றால் தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். இந்த இடைவெளியைக் கடைசி நேரத்தில் தனிநபர் கடனாலோ நகைக்கடனாலோ அடைப்பவர், வீட்டுக்குள் நுழையும் நாளிலேயே இரண்டு கடனோடு நுழைகிறார். பி.எஃப். பணத்தை எடுக்கலாம், ஆனால் அது அறுபதாம் வயதிலிருந்து கடன் வாங்குவது. சீட்டு போட்டிருந்தால் அது பதிவு செய்த நிறுவனமா என்று உறுதிசெய்துகொண்டு, வீடு வாங்கும் ஆண்டுக்கு முதிரும்படி பார்த்துக்கொள்வது நல்லது.

ஊரில் ஒரு மனையை வாங்கிப் போடு என்பது இளைஞர்களுக்கு வரும் இன்னொரு யோசனை. நல்ல யோசனைதான், மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றது என்றால். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, தெரியாமல் வாங்கி வைத்திருந்தவர்கள் மகள் கல்யாணத்துக்குக்கூட விற்க முடியாமல் தவித்தார்கள். பிறகு அத்தகைய மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. வண்ணக் கொடி கட்டி, வேனில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டுக் காட்டுகிற மனைகளில் முதலில் கேட்க வேண்டியது நகர் ஊரமைப்பு அனுமதி எண்ணும், வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா அமைப்பின் பதிவு எண்ணும்தான். மகன் பெயரிலோ மகள் பெயரிலோ ஊரில் ஏற்கெனவே ஒரு கான்கிரீட் வீட்டைப் பெற்றோர் எழுதி வைத்திருந்தால் அதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ளவர்கள் 35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டை வாங்கும்போது, பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 1.80 லட்சம் ரூபாய் வரை வட்டி மானியம் கிடைக்க வழியிருக்கிறது. நாட்டில் எங்கும் சொந்தமாக நிலையான வீடு இருக்கக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை.

கல்யாணத்துக்குப் பிறகு வாங்குகிறவர்களைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. முன்பணத்தில் குறையும்போது முதலில் அடகுக்குப் போவது மனைவியின் நகை. கடன் போதவில்லை என்றால் அவர் சம்பளத்தையும் சேர்த்து, அவரை இணைக் கடன்தாரராகப் போடுகிறார்கள். ஆனால் கிரயப் பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும் இருக்கும். கடனுக்குப் பொறுப்பு உண்டு, வீட்டில் உரிமை இல்லை என்ற நிலையில் ஒரு பெண்ணை நிறுத்துகிற கையெழுத்து அது. கடன் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயர் கிரயப் பத்திரத்திலும் இருக்க வேண்டும். பெண் பெயரும் சேர்ந்தால் வட்டியில் சிறு சலுகை தரும் வங்கிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சலுகைக்காக இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியது இது.

முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில்தான் நம்மில் பலர் வாங்குகிறோம். சம்பளம் உயர்ந்திருக்கும், பள்ளியைச் சுற்றி வாழ்க்கை அமைந்திருக்கும். இந்த வயதில் குறைவது அசைய இடம். எல்லா ரூபாய்க்கும் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கும். வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2020 மே முதல் 2022 மே வரை 4 சதவீதமாக இருந்தது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 சதவீதமானது. 2021இல் 7 சதவீத வட்டிக்கு 40 லட்சத்தை 20 ஆண்டுக்கு வாங்கியவரின் தவணை 31,000 ரூபாய் சொச்சம். ரெப்போவோடு சேர்ந்து அவருடைய வட்டியும் 9.5 சதவீதமாக ஏறியபோது, மீதிக் கடனுக்கு மாத வட்டி மட்டுமே 30,500 ரூபாய்க்கு மேல். தவணை மாறாமல் இருந்தால் அசலில் ஐந்நூறு ரூபாய்தான் கழியும். கடன் முடிய நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகும். இப்படி வட்டி ஏறும்போது தவணையை அப்படியே விட்டுக் காலத்தை நீட்டுவதே வங்கிகளின் வழக்கமாக இருந்தது. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. முப்பது வயதுக்காரருக்கு நீட்டிப்பு ஒரு நிம்மதி. நாற்பத்திரண்டு வயதுக்காரருக்கு அது ஓய்வுக்காலத்துக்குள் நுழைகிற கடன்.

ஆகவே இந்த வயதில் வங்கி தருகிறேன் என்ற தொகை முழுவதையும் வாங்காமல் இருப்பதே பெரிய தயாரிப்பு. இரண்டு சதவீதம் வட்டி ஏறினாலும் கட்ட முடிகிற தவணையாக இருக்க வேண்டும். ஆறு மாதத் தவணை தனியாக இருக்க வேண்டும். கடன் தொகைக்கு ஈடான டேர்ம் காப்பீடு, அதாவது குறித்த காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் காப்பீடு, இருக்க வேண்டும். கடனோடு சேர்த்து வங்கியே விற்கிற காப்பீட்டை, விலை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்க வேண்டியதில்லை. இப்படி ஏறி இறங்கும் மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்ற விதி 2012 முதல் இருக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட 8.5 சதவீதக் கடனில் ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால், மூன்று ஆண்டுக்கு மேல் முன்னதாகவே கடன் முடிந்துவிடும். தீபாவளி போனஸுக்கு இதைவிட நல்ல வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. வருமான வரி மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும்: குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு பழைய வரிமுறையில்தான் உண்டு, புதிய முறையில் கிடையாது.

நேரமும் இந்த வயதில் குறைவு. அலுவலகம், டியூஷன், மருத்துவமனை என்று ஓடுகிறவர் ஆவணங்களைத் தரகரிடம் விட்டுவிடுகிறார். சொத்தின் மீது நடந்த பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றை ஒரு முறையாவது தானே உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஆவண எண், தேதி, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், சொத்து விவரம் இருக்கும். முந்தைய பதிவில் எழுதி வாங்கியவர்தான் அடுத்த பதிவில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். முருகேசன் வாங்கியதைச் செல்வி விற்றிருந்தால், நடுவில் ஒரு சாவோ உயிலோ பாகப்பிரிவினையோ இருக்கிறது. அதற்கான காகிதம் எங்கே என்று கேட்க வேண்டும். அடமானப் பதிவு இருந்தால் அதை ரத்து செய்த ரசீதுப் பதிவும் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுக்கான சான்றும், தாய்ப்பத்திரமும், விற்பவர் பெயரில் பட்டாவும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் முன்பணம். அடுக்குமாடி என்றால் நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு எத்தனை சதுர அடி என்பது பத்திரத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கட்டடம் பழசாகும், நிலம்தான் நிற்கும். ரெரா சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. ஒப்படைத்த பிறகு ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் அவர்தான் சரிசெய்து தர வேண்டும். சென்னையில் வாங்குகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போய்விட்டு வாருங்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று முனைக் கடைக்காரர் சுவரில் கை வைத்துக் காட்டுவார்.

ஐம்பதுகளில் வாங்குகிறவருக்கு ஆண்டுகள்தான் குறை. அதே 40 லட்சத்தை அதே வட்டியில் 12 ஆண்டில் அடைக்க வேண்டும் என்றால் தவணை 34,700இலிருந்து 44,400 ஆகிவிடுகிறது. அதனால் இந்த வயதில் பலர் மகனையோ மகளையோ இணைக் கடன்தாரராகச் சேர்த்துக் காலத்தை நீட்டுகிறார்கள். இதைச் செய்வதற்கு முன் பிள்ளையிடம் ஒரு விஷயம் திறந்து பேசப்பட வேண்டும். நாளை அவன் தனக்கென்று வீடு வாங்கப் போகும்போது, அப்பாவின் கடன் அவன் கணக்கில் நின்று அவனுக்குக் கிடைக்கும் தொகையைக் குறைக்கும். இளமையை இரவல் கொடுப்பவனுக்கு அதன் விலை தெரிந்திருக்க வேண்டும்.

பூர்வீகச் சொத்தை விற்று, அந்தப் பணத்தில் நகரத்தில் வீடு வாங்குவதும் இந்த வயதில்தான் நடக்கிறது. அப்போதுதான் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது தெரியவருகிறது. அக்கா, தங்கைகள் கையெழுத்துப் போட வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. "அவர்களுக்குத்தான் சீர் செய்துவிட்டோமே" என்று இன்னும் சொல்லும் வீடுகள் உண்டு. தமிழ்நாடு 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்தது. அன்றைக்கு ஏற்கெனவே திருமணமாகியிருந்தவர்கள் அதில் விடுபட்டார்கள். 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தத்துக்கும், 2020இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தந்த விளக்கத்துக்கும் பிறகு, மகளின் உரிமை பிறப்பிலேயே வருவது என்பதில் ஐயமில்லை. ஆகவே ஐம்பத்தைந்தில் ஃபிளாட் வாங்க நினைப்பவர் நாற்பத்தெட்டிலேயே ஊருக்குப் போய் வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை, பட்டா மாறுதல் வேலைகளைத் தொடங்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் எல்லோரும் உயிரோடும் பேச்சுவார்த்தையோடும் இருக்கும்போதே இது முடிந்தால் பாதி வீடு வாங்கியது போல.

ஓய்வுக்குப் பிறகு வாங்குகிறவருக்குக் கடன் கவலை குறைவு. பணிக்கொடை, பி.எஃப்., ஊரில் விற்ற நிலம் என்று கையில் மொத்தமாகத் தொகை இருக்கும். முழுவதையும் சுவராக மாற்றிவிடுவதுதான் இங்கே ஆபத்து. எண்பது லட்ச ரூபாய் வீட்டில் இருந்துகொண்டு கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிள்ளையிடம் கேட்க வேண்டியிருக்கிற பெற்றோரை நான் அறிவேன். வீட்டை ஈடாக வைத்து மூத்தோருக்கு மாதாமாதம் பணம் தரும் தலைகீழ் அடமானத் திட்டம் 2007 முதல் நம் நாட்டில் இருக்கிறது, ஆனால் பரவவில்லை. வீட்டை வங்கியிடம் விட்டுவிட்டுப் போவதை நம் மனம் ஏற்பதில்லை. ஆகவே மருத்துவத்துக்கும் மாதச் செலவுக்குமான தொகையை முதலில் எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் வீடு தேட வேண்டும்.

வீட்டைப் பார்க்கும் கண்ணும் இங்கே மாற வேண்டும். என் பெரியம்மாவும் பெரியப்பாவும் ஓய்வுபெற்ற ஆண்டில் மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், காற்று நன்றாக வருகிறது என்று வாங்கினார்கள். பத்தாண்டு கழித்துப் பெரியம்மா படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கைப்பிடிச் சுவரில் பையை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார். இரண்டாம் மாடிக்காரர்கள் அவருக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே போட்டு வைத்திருந்தார்கள். பிறகு கோயிலுக்குப் போவது வாரம் ஒருமுறை ஆனது, அப்புறம் நின்றே போனது. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, வழுக்காத தரை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு, நடக்கும் தொலைவில் மருந்துக்கடை: அறுபதில் இவற்றைக் கேட்க யாருக்கும் கூச்சம் வேண்டாம். கோயம்புத்தூரைச் சுற்றி முதியோருக்கான குடியிருப்புகள் நிறைய எழுந்திருக்கின்றன. அங்கே விலையைவிட, ஆண்டுதோறும் உயரும் பராமரிப்புக் கட்டணத்தையும், ஒருவர் மறைந்த பிறகு மற்றவருக்கு உள்ள உரிமையையும் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டும்.

வாங்கும்போதே, யாருக்குப் போக வேண்டும் என்பதையும் இந்த வயதில் எழுதிவிட வேண்டும். உயில் எழுதினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டால் சொத்து அன்றே கைமாறிவிடும். திரும்பப் பெறுவது கடினம். குடும்பத்துக்குள் எழுதினால் செலவு குறைவு என்று பலர் அவசரப்பட்டு அதை எழுதிவிடுகிறார்கள். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆம் பிரிவின்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, கவனிக்காவிட்டால் ரத்து செய்யக் கோரலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே இருந்தால் வழக்கு எளிது. இல்லாவிட்டால் வாதாட வேண்டிவரும்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் ஆவண எழுத்தர் பத்திரத்தை நீட்டுவார். மகன் அவசரப்படுவான்; டோக்கன் வந்துவிடும். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "தம்பி, நான் இருக்கும்வரை இந்த வீட்டில் நான் இருக்கலாம் என்று எந்த இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் சத்தமாகப் படியுங்கள்" என்று கேட்கட்டும். அந்த வரி இல்லையென்றால் அடுத்த டோக்கனுக்குக் காத்திருக்கலாம்.